வால்பாறை, டாப்சிலிப்: ஆனைமலைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

கோவை மாவட்டத்தின் தெற்கு எல்லையில் நிற்கும் மலைத்தொடர் ஆனைமலை. இதன் மேல் உள்ள பெரிய ஊர் வால்பாறை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் உள்ள இந்த ஊர், பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டரும் கோவையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவும் கொண்டது. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு விடுதிகளும் கடைவீதிகளும் இங்கே இல்லை. ஏரியில் படகு விட்டு, பூங்காவில் படம் எடுத்து, சாக்லேட் வாங்கித் திரும்பும் பயணம் இங்கு நடக்காது. இங்கே பார்க்க இருப்பது மலையும் மழையும் காடும், அவற்றோடு வாழும் மக்களும்தான். அவற்றைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னறிவு வேண்டும். அந்த முன்னறிவு இல்லாமல் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

மலையின் அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே குஜராத் எல்லையிலிருந்து தெற்கே குமரி வரை ஏறக்குறைய ஒரே சுவராக நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. ஆடி மாதம் பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் ஆளையே தள்ளும் காற்று வீசுகிறதே, அது இந்த இடைவெளி வழியே வருவது. கணவாய் இல்லாத இடங்களில் மலை மேகத்தை மறித்து நிறுத்துகிறது. அதனால் மலைமேல் மழை கொட்டும்போது, கிழக்கே சமவெளி காய்ந்து கிடக்கும். தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கிருந்து பறவைபோல் பறந்தால் சிறிது தொலைவிலேயே மானம் பார்த்த பூமி தொடங்கிவிடும்.

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதே மலைத்தொடரைச் சேர்ந்தது. ஆனால் கேரள எல்லைக்குள் உள்ளது. தமிழகப் பகுதியில் உள்ள காடுகள் 1976-ல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஏறும் வழி

பொள்ளாச்சியிலிருந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் சாலை ஆழியாறு அணையைத் தொட்டதும் மலை ஏறத் தொடங்குகிறது. அணைக்குச் சற்று மேலே குரங்கு அருவி. இப்போது கவியருவி என்றும் அழைக்கிறார்கள். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. வயிற்றைப் புரட்டும் பிள்ளைகளுக்கு எண்ணிக்கொண்டு வருவது ஒரு நல்ல வேலை.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை இருக்கிறது. இந்தச் சாலையை அமைத்த பொறியாளர் லோம் என்பவரின் பெயர் அதற்கு வழங்குகிறது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கமும் அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியும் தெரியும். பெரும்பாலோர் அந்தப் பக்கமே பார்த்துவிட்டு வண்டியில் ஏறிவிடுகிறார்கள். திரும்பி, பின்னால் உள்ள பாறைச் சரிவைப் பார்க்க வேண்டும். அங்கே வரையாடு மேய்ந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அதுதான். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாதது. 2024-ல் தமிழ்நாட்டு வனத்துறை எடுத்த கணக்கில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகளே இருந்தன. அப்படிப்பட்ட ஒரு விலங்கைச் சாலையோரத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்க்க முடிவது பெரிய பேறு. அருகில் போய் பிஸ்கட் நீட்டுவது அந்தப் பேற்றைக் கெடுப்பது.

இரண்டு பச்சைகள்

அட்டகட்டியைத் தாண்டி மேலே சென்றால் காட்சி மாறும். மலைச்சரிவு முழுவதும் இடுப்பளவு உயரத்துக்கு வெட்டிச் சமன் செய்தது போன்ற பச்சை. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை மாணவி ஒருத்தி, "ஐயா, இது காடா, தோட்டமா?" என்று கேட்டாள். வால்பாறையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

தோட்டம்தான். தேயிலை இயல்பில் மரமாக வளரக்கூடிய செடி. ஆண்டாண்டாகக் கவாத்து செய்து, கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் புதராக வைத்திருக்கிறார்கள். இடையிடையே ஒல்லியாக நிற்பவை நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள். அவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஆனால் பள்ளத்தாக்குகளிலும் ஓடைக்கரைகளிலும் கரும்பச்சையாக, உயரம் உயரமாக, ஒன்றுக்கொன்று வேறான மரங்கள் நெருங்கி நிற்கும் திட்டுகள் தெரியும். அவை பழைய மழைக்காட்டின் மிச்சம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் வால்பாறைப் பீடபூமி பெரும்பாலும் அந்தக் கரும்பச்சையாகவே இருந்தது.

1890-களில்தான் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் இங்கே காட்டை வெட்டத் தொடங்கினார்கள். முதலில் காப்பி, பின்னர் தேயிலை. தொடக்க காலத் துரைமார்களில் ஒருவரான கார்வர் மார்ஷுக்கு வால்பாறைச் சாலையில் சிலை இருக்கிறது. அவரை ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று சொல்வது வழக்கம். காட்டை வெட்டியவர்களும் சாலை போட்டவர்களும் செடி நட்டவர்களும் யார் என்பதைச் சிலை சொல்லாது. திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் போன்ற சமவெளிப் பகுதிகளிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்ட குடும்பங்களை, முன்பணம் கொடுத்து மேஸ்திரிகள் மலைக்கு அழைத்து வந்தார்கள். வாங்கிய முன்பணம் தீரும்வரை இறங்க முடியாது. அது எளிதில் தீராது. மலேரியாவிலும் குளிரிலும் பலர் இறந்தார்கள். இந்தத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் தொழிற்சங்கத்தைக் கட்டிய பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' நாவல் இதைச் சொல்கிறது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழாக்கினார். இயக்குநர் பாலாவின் 'பரதேசி' (2013) திரைப்படம் இந்த நாவலைத் தழுவியது. வால்பாறைக்குச் செல்லுமுன் ஒரு நூல் படிக்க நேரம் இருந்தால், பயணக் கையேட்டைவிட இதையே நான் சொல்வேன்.

1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம் போன்றவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. இன்றும் தொழிலாளர்கள் தோட்ட நிர்வாகம் தரும் லயன் வீடுகளில்தான் இருக்கிறார்கள். வேலை முடிந்தால் வீடும் போய்விடும். அதனால் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கும் மலையில் சொந்தமென்று ஒரு சென்ட் நிலம் இல்லாமல் இருப்பது இங்கே சாதாரணம். 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95,000 பேர் இருந்த வால்பாறை நகராட்சியில் 2011-ல் ஏறத்தாழ 71,000 பேரே இருந்தார்கள். தேயிலை விலை விழுந்தது, கூலி போதவில்லை, படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலைக்கு இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. சமவெளியிலிருந்து மலைக்கு ஆள் ஏறுவது நிற்கவில்லை. ஏறிவரும் ஊர்தான் மாறியிருக்கிறது.

தோட்டத்துக்குள் இறங்கிக் கூடையை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வது பயணிகளிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. கொழுந்து எடுப்பவர்களுக்கு எடைக்கணக்கு உண்டு. நம் படத்துக்காக அவர்கள் இழக்கும் நேரம் அவர்கள் கூலியில் குறையலாம். கேட்டு, அவர்களுக்கு விருப்பமிருந்தால் மட்டும் எடுப்பது மரியாதை.

குரங்குக்குப் பாலம், யானைக்குச் சிவப்பு விளக்கு

மிஞ்சிய காட்டுத் திட்டுகளில்தான் இம்மலையின் அரிய உயிர்கள் ஒதுங்கியிருக்கின்றன. வால்பாறைக்கு அருகே உள்ள புதுத்தோட்டத்தில் சுமார் 90 ஹெக்டேர் அளவுள்ள ஒரு துண்டுக் காடு. சிங்கவால் குரங்குகள் கூட்டம் கூட்டமாக அங்கே வாழ்கின்றன. முகத்தைச் சுற்றி வெண்பிடரி, வால் நுனியில் குஞ்சம். இது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. இயல்பாக மரத்தைவிட்டு இறங்காத உயிர். மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதனால் பயணம் செய்ய முடியும். நடுவே சாலை வந்து கிளைகள் விலகியதும், வேறு வழியின்றித் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. இதைத் தடுக்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தீயணைப்புக் குழாய்த் துணியைக் கொண்டு சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டினார்கள். குரங்குகள் அதைப் பயன்படுத்தப் பழகிவிட்டன. அண்ணாந்து பார்த்தால் உங்களுக்கும் தெரியும். ஆனால் பயணிகள் தின்பண்டம் வீசினால் அவை மீண்டும் சாலைக்கே இறங்கும். ஒரு பொட்டலம் சிப்ஸ் பல ஆண்டு உழைப்பைக் கெடுக்கும் விதம் இதுதான். இதே அமைப்பு தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த காட்டுத் துண்டுகளில் இம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்டு வருகிறது. பழந்தின்னும் இருவாச்சிப் பறவை அத்தகைய திட்டுகளைத் தேடி வருவதைக் காலை நேரத்தில் காணலாம். அது பறக்கும்போது சிறகு எழுப்பும் ஓசை, பறவையைக் காண்பதற்கு முன்பே காதில் விழும்.

யானையின் கதை வேறு. வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். நாலாபுறமும் காப்பகக் காடு. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் யானைகளுக்கு இடையில் இருப்பது தேயிலை. பகலில் மிஞ்சிய துண்டுக் காடுகளிலும் ஆற்றோரங்களிலும் நின்றுவிட்டு, இரவில் நடக்கும். மனிதர்கள் இறந்த நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை யானை அங்கே நிற்பது தெரியாமல் ஆள் நடந்து போனதால் நேர்ந்தவை என்று தெரிந்தது. தெரியாமைதான் காரணம் என்றால், தெரிவித்துவிட்டால் போதும் அல்லவா? யானை எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக மாலையில் அனுப்பினார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்கள். 2011 முதல் முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். விளக்கு எரிந்தால் சுற்றுவட்டத்தில் யானை இருக்கிறது என்று பொருள். உயிரிழப்பு குறைந்தது. இதற்காக ஆய்வாளர் எம். ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

சாலையில் யானை நின்றால் வண்டியை நிறுத்தி, தொலைவிலேயே காத்திருப்பது ஒன்றே வழி. ஒலிப்பான் அடிப்பதும் கிட்டே போய்ப் படமெடுப்பதும் ஆபத்து. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் மற்ற வாகனங்கள் நின்றுவிட்ட நிலையில் இருசக்கர வாகனத்தில் கடக்க முயன்ற ஜெர்மனி நாட்டு முதியவர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். சிறுத்தையும் கரடியும் தோட்டங்களுக்குள் வருவதுண்டு. லயன் வீட்டுக் குழந்தைகள் தாக்கப்பட்டு உயிரிழந்த நிகழ்வுகள் அண்மை ஆண்டுகளிலும் நடந்திருக்கின்றன. இருட்டிய பின் தேயிலைப் பாதைகளில் உலாவுவதைப் பொழுதுபோக்காக நினைக்கும் பயணி இதை நினைவில் வைக்க வேண்டும்.

தண்ணீர் போகும் வழி

கொங்கு நாட்டு மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. ஆனைமலையில் பிறக்கும் ஆறுகளில் பெரும்பாலானவை மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலப்பவை. அவற்றைக் கிழக்கே திருப்பி வறண்ட நிலத்துக்குக் கொண்டுவந்ததுதான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். பி.ஏ.பி. என்று சொன்னால் பொள்ளாச்சி, உடுமலை விவசாயிகளுக்குப் புரியும். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. கேரளத்துடனான ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது.

சின்னக்கல்லாற்றில் பெய்யும் மழை நீராற்றில் தேங்கி, குகைக் கால்வாய் வழியே மேல் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, பிறகு சர்க்கார்பதி மின் நிலையத்தில் விழுந்து மின்சாரம் தந்துவிட்டு, மலையடிவாரத்தை ஒட்டி வளைந்து செல்லும் காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் கடைமடையில் காத்திருக்கும் தோட்டத்துக்கு வருவது இந்தத் தண்ணீர். வால்பாறையிலிருந்து சோலையாறு அணைக்கரைக்குச் சென்றால், அழகான நீர்ப்பரப்பு என்று மட்டும் பார்த்துவிட்டு வராமல், அது எங்கே போகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆற்றில் இறங்குவதைப் பற்றி ஒரு சொல். வால்பாறை அருகே கூழாங்கல் ஆறு ஆழமில்லாமல், அடியில் உருண்டைக் கற்கள் தெரிய ஓடும். அதைப் பார்த்துவிட்டு மற்ற ஆறுகளும் அப்படியே என்று எண்ணக் கூடாது. 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதியில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர்கள் 5 பேர் மூழ்கி இறந்தார்கள். மலையாற்றில் மேலே பெய்த மழை கீழே தெரியாது. மேற்பரப்பு அமைதியாக இருக்கும் இடத்தில்தான் கயம் இருக்கும். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் இறங்கவே கூடாது.

காட்டின் மக்கள்

தேயிலைக்கும் அணைக்கும் முன்பிருந்தே இம்மலை காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் ஆகிய பழங்குடி மக்களின் இடம். தேன் எடுப்பதிலும் காட்டை அறிவதிலும் காடர்களுக்கு இணை இல்லை. காடர் பெண்கள் அணியும் மூங்கில் சீப்பை மானுடவியல் அறிஞர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் வியப்புக்குரிய பொருளாக மட்டும் அவர்களைப் பார்ப்பது சரியல்ல. 2019-ல் பெய்த கனமழையில் கல்லார்குடி காடர் குடியிருப்பில் நிலம் சரிந்தது. மாற்று இடமாக அவர்கள் கேட்ட தெப்பக்குளமேடு நீண்ட போராட்டத்துக்குப் பிறகே கிடைத்தது. தம் காட்டில் பாதுகாப்பான ஒரு மேட்டுக்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது. பழங்குடிக் குடியிருப்புகள் சுற்றுலா இடங்கள் அல்ல. அழைப்பின்றி நுழைவது யார் வீட்டிலும் தவறுதான்.

மலசர் சமூகத்தவர் யானைப் பாகர்களாகப் பணியாற்றுவதை டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி முகாமில் காணலாம். காட்டு யானைகளைக் கட்டுப்படுத்துவதில் பேர் வாங்கிய கும்கி கலீம், அரசு ஊழியரைப் போலவே 60 வயதில், 2023 மார்ச் மாதம் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. என் ஓய்வுநாளில் எனக்குச் சால்வை மட்டும்தான்.

டாப்சிலிப்பும் ஹியூகோ உட்டும்

டாப்சிலிப் வால்பாறைக்குப் பக்கத்தில்தான் என்று நினைத்து ஒரே நாளில் இரண்டுக்கும் திட்டமிடுபவர்கள் ஏமாறுவார்கள். மேலிருந்து பொதுவழி கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் இறங்கி, ஆனைமலை ஊர், சேத்துமடை வழியாகத் தனியே ஏற வேண்டும். வெட்டிய மரங்களை மேலிருந்து சரியவிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கு வெட்டி வெட்டி மொட்டையான மலையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன அதிகாரியாக இருந்த ஹியூகோ உட் மீண்டும் தேக்கை வளர்த்தார். கைத்தடியால் குழி போட்டு விதையை இட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933-ல் இறந்த அவரை, அவர் விரும்பியபடி இந்த மரங்களின் நடுவே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அடக்கம் செய்தார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரே மரமாக வரிசையில் நிற்கும் தேக்கும் ஒருவகைத் தோட்டமே. அதற்கு அருகிலுள்ள கரியன்சோலையைப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

போகும் வழியில் ஆனைமலை ஊரில் மாசாணியம்மன் கோயில். அம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். அநீதிக்கு ஆளானவர்கள் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகிறார்கள். வேறு எங்கும் கேட்க ஆளில்லாதவர்களின் வழக்கு மன்றம் அது.

நடையும் அனுமதியும்

மலையேற்றம் விரும்புவோர் தாங்களாகக் காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரை செல்லும் பாதையும், ஆழியாறு கால்வாய்க்கரைப் பாதையும் அவற்றில் உண்டு. முன்பதிவு இணையத்தில். வழிகாட்டிகளில் பலர் பழங்குடி இளைஞர்கள். பாதையைவிட அவர்கள் பேச்சில் கற்பது அதிகம். புல்மலை எனப்படும் உயரமான புல்வெளிகளுக்குப் பயணிகளை விடுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வால்பாறைக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. கிளம்புமுன் அன்றைய விதிமுறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பொருள்களைத் தேடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கடுமை. அப்போது வருவோர் கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, கையில் கொஞ்சம் உப்போ மூக்குப்பொடியோ வைத்துக்கொண்டால் அட்டைக்கு அஞ்ச வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து குளிர் நன்றாக இருக்கும். மாலைக்குள் இறங்கிவிடும்படி பொள்ளாச்சிப் பேருந்தைத் திட்டமிடுங்கள். முன்பக்க இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். வந்த வழியே திரும்ப விரும்பாதவர்களுக்கு மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் காட்டுச் சாலை உண்டு. இரு மாநிலச் சாவடிகளிலும் நேரக் கட்டுப்பாடு இருப்பதால், அந்த வழிக்குக் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.